எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்

வாசகர் கேள்விகளுக்கு, பணி ஓய்வு பெற்ற வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்

இந்த மாதத் தபாலில் வீடு, வேலை, நகை, சேமிப்பு என்று பல விஷயங்கள் வந்திருந்தன. பிரித்துப் பார்த்தால் எல்லாரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள்: நான் பாதுகாப்பாக இருக்கிறேனா? ஆகவே இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அம்மா, என் கணவர் காலமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. ஓட்டு வீடும் மனையும் என் பெயரில் உள்ளன. வீட்டை இடித்துக் கட்ட வங்கிக் கடன் வேண்டும், அதற்காகத் தன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுங்கள் என்று மகன் கேட்கிறான். மருமகளும் நல்ல பெண்தான். “நாங்கள் இருக்கும்போது உங்களுக்கு என்ன பயம்?” என்கிறார்கள். மகள் வேண்டாம் என்கிறாள். நான் மறுத்தால் மகனை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?
— 68 வயது வாசகி, கும்பகோணம் அருகில்

பதில்: சகோதரி, உங்கள் மகன் நல்லவன் என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன். நல்ல மகனுக்கும் தொழிலில் நஷ்டம் வரும். தவணை கட்ட முடியாமல் போனால் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும். அவன் பெயருக்கு மாறிய பிறகு அவனுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவன் மனைவி, பிள்ளைகளோடு நீங்களும் ஒரு வாரிசு. அதாவது, இன்று முழுக்க உங்களுடையதாக இருக்கும் வீட்டில் உங்களுக்கு ஒரு பங்குதான் மிஞ்சும். இதில் எதற்கும் அவன் கெட்டவனாக மாற வேண்டியதே இல்லை. எனவே மகனை நம்புகிறேனா என்று உங்களையே வாட்டிக்கொள்ளாதீர்கள். நிலைமை மாறினால் என் கையில் என்ன இருக்கும் என்று பாருங்கள்.

செட்டில்மெண்ட் பத்திரத்தில் வழக்கமாக என்ன எழுதுவார்கள் தெரியுமா? “உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் இந்தச் சொத்தை உனக்குக் கொடுத்து, இன்றே உன் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன். இது முதல் நீயே தானாதி வினியோக விற்கிரய சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது. இதை எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை.” விற்கவும் தானம் செய்யவும் எல்லா உரிமையும் இனி வாங்கியவருக்கே என்பதுதான் இதன் பொருள். பத்திரம் எழுதுபவர் இதை ஒரே மூச்சில் படித்து முடித்துவிடுவார். சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வயதான அம்மாவின் தேய்ந்த ரேகை கருவியில் பதியாது. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைக்கச் சொல்வார்கள். “யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தானே எழுதிக் கொடுக்கிறீர்கள்?” என்று அதிகாரி கேட்கும்போது மகன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பான். அம்மா தலையசைப்பார். அந்த நிமிடத்திலிருந்து தன் வீட்டில் அவர் விருந்தாளி.

அப்படி நிபந்தனையின்றி முழுமையாக எழுதிக் கொடுத்த பிறகு நீங்கள் மட்டும் போய் ரத்துப் பத்திரம் பதிந்துவிட முடியாது. ஆனால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 60 வயது நிறைந்தவர், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரம் ஏமாற்றியோ வற்புறுத்தியோ வாங்கியதாகவே கருதப்படும். வருவாய் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். மனுவை நீங்களே நேரில் எழுதிக் கொடுக்கலாம்.

“நிபந்தனையோடு” என்ற இடத்தில்தான் பல தாய்மார்கள் தோற்றிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பராமரிப்பு நிபந்தனை இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று கூறித் தாய்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் தாயின் பக்கம் நின்று சொத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. அந்தத் தாய், கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று மகனிடம் தனியாக ஓர் உறுதிமொழிக் கடிதமும் வாங்கி வைத்திருந்தார். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், அன்பின் காரணமாக எழுதிக் கொடுத்தாலே பராமரிப்பு என்ற நிபந்தனை அதற்குள் அடங்கியிருக்கிறது என்றது. அந்தத் தீர்ப்பைப் படித்து மனம் நிறைந்தேன். ஆனாலும் உங்கள் முதுமையை ஒரு நீதிபதியின் விளக்கத்தை நம்பி ஒப்படைக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடன்தான் காரணம் என்றால் பத்திரம் மாற வேண்டிய அவசியமே இல்லை. மனையின் உரிமையாளராகிய நீங்கள் மகனோடு சேர்ந்து கையெழுத்திட்டாலே வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகள் உண்டு. மகனையும் கூட்டிக்கொண்டு கிளை மேலாளரிடம் போய்க் கேளுங்கள். அதிலும் கடன் பொறுப்பு உங்கள் தலையில் சேரும், வீடும் அடமானத்தில் இருக்கும். ஆகவே தவணைத் தொகையும் மகனின் வருமானமும் எவ்வளவு என்பதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். உங்களுக்குப் பின் வீடு யாருக்கு என்பதை உயிலாக எழுதி வையுங்கள். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் அவசியம். பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது.

இதற்கெல்லாம் பிறகும் செட்டில்மெண்டே எழுதுவது என்று முடிவானால், இந்த வரிகள் இல்லாமல் விரல் வைக்காதீர்கள்: “என் ஆயுள்காலம் முழுவதும் மேற்படி வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை எனக்கே உண்டு. என் உணவு, உடை, மருத்துவச் செலவு அனைத்தையும் நீ கவனிக்க வேண்டியது. தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்துகொள்ள எனக்கு முழு உரிமை உண்டு.” மகன் நல்லவன் என்றால் இதைச் சேர்ப்பதில் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முகம் சுளித்தால், அதை இப்போதே பார்த்துவிட்டது உங்களுக்கு நல்லது. உங்கள் மகளின் பேச்சைப் பொறாமை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பொறியியல் முடித்திருக்கிறேன். வளாகத் தேர்வில் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. சில வாரங்கள் இரவுப் பணி இருக்கும். அப்பா, “உன் பாதுகாப்புக்காகத்தான் சொல்கிறேன், போக வேண்டாம், வரன் பார்க்கிறோம்” என்கிறார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. என்ன சொல்லிப் புரிய வைப்பது?
— 22 வயது வாசகி, சங்கரன்கோவில்

பதில்: மகளே, உன் அப்பாவின் பயம் பொய் இல்லை. அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடாதே. ஆனால் அவர் எடுத்திருக்கும் முடிவைத்தான் இந்த நாட்டுச் சட்டமும் வெகுகாலம் எடுத்திருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களைக் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே வேலை செய்ய அனுமதித்தது. காரணம், பாதுகாப்பு. இதனால் இரவுப் பணி ஊதியமும் அதையொட்டிய வாய்ப்புகளும் ஆண்களுக்கே போயின. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. வெறுமனே நீக்கிவிட்டுப் போகவில்லை. இரவில் பெண்களை வேலைக்கு வைக்கும் நிறுவனம் போக்குவரத்து முதலிய ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும் என்று நிபந்தனைகளையும் விதித்தது. 2007-இல் உச்ச நீதிமன்றமும், மதுபானம் வழங்கும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற பழைய பஞ்சாப் சட்டப் பிரிவை ரத்து செய்தபோது, வேலையிடத்தைப் பாதுகாப்பாக்குவதுதான் அரசின் கடமை, பெண்ணை விலக்கி வைப்பது அல்ல என்ற கருத்தையே முன்வைத்தது.

அப்பாவிடம் இந்த வழியில் பேசு. “நான் போகட்டுமா?” என்று கேட்காமல், “நான் போனால் என்னவெல்லாம் இருந்தால் உங்களுக்கு நிம்மதி?” என்று கேள். அவரையே சென்னைக்கு அழைத்துக்கொண்டு போய் விடுதியைப் பார்க்கச் சொல். தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதி நடத்த உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லி அவரே கேட்கட்டும். அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகளிலும் விசாரியுங்கள். இரவில் கம்பெனி வண்டி விடுதி வாசல்வரை வருமா, தெருமுனையோடு நின்றுவிடுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேள். பத்து பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கப் பெண் தலைமையில் உள்விசாரணைக் குழு இருந்தாக வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே தெரிந்துகொள்.

அப்பா இன்னும் தயங்கினால் இதையும் மெதுவாகச் சொல். நாட்டில் பெண்களுக்கு எதிராகப் பதிவாகும் குற்றங்களில் ஆண்டுதோறும் முதலிடத்தில் இருப்பது கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமை. உனக்கு மாப்பிள்ளை தேடித் தருவது அவர் நினைக்கும் காப்பீடு. சம்பளமும் கையில் ஒரு தொழிலும் இருந்தால் அந்தக் காப்பீடு பொய்த்துப் போனாலும் நீ நிற்பாய். அடுத்த கடிதத்தை அவருக்கே படித்துக் காட்டு.

கேள்வி: திருமணமாகி ஒன்பது வருடங்கள். கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். இரண்டு முறை இரவில் குழந்தையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. “இது எங்கள் வீடு, உனக்கு இங்கே என்ன உரிமை?” என்கிறார்கள். பிறந்த வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. நான் எங்கே போவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: எங்கேயும் போக வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லையம்மா. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உனக்கு அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது இங்கே முதல் கேள்வியே இல்லை. நீ குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் வசிப்புரிமை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன் 2006 டிசம்பர் தீர்ப்பு ஒன்றைக் காட்டி எத்தனையோ மருமகள்களை வெளியேற்றினார்கள். அந்தத் தீர்ப்பின் வழி தவறு என்று இந்தத் தீர்ப்பு கூறியது. அதே 2020 டிசம்பரில், முதியோர் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டி மருமகளின் வசிப்புரிமையைத் தட்டிப் பறிக்க முடியாது என்றும் தீர்ப்பு வந்தது. உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: இது சொத்துரிமை அல்ல. வயதான மாமியாரின் நிலையையும் நீதிமன்றம் பார்க்கும். சில வழக்குகளில் அந்த வீட்டுக்குப் பதிலாக வேறு வாடகை வீடு ஏற்பாடு செய்து தரும்படி கணவருக்கு உத்தரவிடும். எப்படியானாலும் இரவில் தெருவில் தள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை.

மாவட்ட சமூகநல அலுவலகத்துக்குப் போய்ப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று சொல். அவர் நடந்ததைக் கேட்டு அறிக்கை தயாரித்து நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். கட்டணம் கிடையாது. நீதிமன்றம் அடிக்கக் கூடாது என்று பாதுகாப்பு ஆணையும், வெளியேற்றக் கூடாது என்று வசிப்பிட ஆணையும் பிறப்பிக்கலாம். ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். முதல் விசாரணையை மூன்று நாட்களுக்குள் வைக்க வேண்டும், 60 நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும். அதனால் இடைக்கால ஆணையை முதல் நாளே கேட்க வேண்டும். வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லையே என்று தயங்காதே. பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிடு. இரவில் ஆபத்து என்றால் 181 அல்லது 112.

அடிபட்டால் அரசு மருத்துவமனைக்குப் போய், “விழுந்துவிட்டேன்” என்று சொல்லாமல் நடந்ததைச் சொல். அந்தச் சீட்டில் எழுதப்படும் ஒரு வரி பின்னால் பெரும் சாட்சி. ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வை. இதை இந்த வாரமே செய்.

கேள்வி: நகைகளை வங்கி லாக்கரில் வைத்துவிட்டேன். இனி கவலை இல்லைதானே?
— வாசகி, வேலூர்

பதில்: பீரோவைவிட மேல். ஆனால் தீ, திருட்டு, கட்டடம் இடிந்து விழுவது, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றில் நகை போனால் வங்கியின் பொறுப்பு, லாக்கரின் ஓராண்டு வாடகையைப் போல நூறு மடங்கோடு நின்றுவிடும். 2022 ஜனவரியிலிருந்து இதுதான் ரிசர்வ் வங்கியின் விதி. வாடகை 3,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு, வங்கியின் அலட்சியம் இல்லாதவரை, அதுவும் இல்லை. நகைகளைப் புகைப்படம் எடுத்து ரசீதுகளோடு வைத்துக்கொள்ளுங்கள், நகைக்குத் தனியாகக் காப்பீடு எடுங்கள், வாரிசு நியமனம் செய்யுங்கள்.

கேள்வி: தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். கையில் 24 லட்சம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு நிதி நிறுவனம் மாதம் 2 சதவீத வட்டி தருகிறது. நடத்துபவர் தெரிந்த குடும்பம். வங்கியில் போட்டால் பணம் தூங்குகிறது. உங்கள் கருத்து?
— வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: ஐயா, வேண்டாம். மாதம் 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24. நேர்மையாகத் தொழில் செய்து இவ்வளவு வட்டியைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. புதிதாகப் பணம் போடுபவரிடம் வாங்கித்தான் பழையவருக்குக் கொடுப்பார்கள்.

தெரிந்த குடும்பம் என்கிறீர்கள். 1906-இல் மதராஸில் அர்பத்நாட் கம்பெனியைவிடத் தெரிந்த பெயர் கிடையாது. ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் வக்கீல்களும் அதில் பணம் போட்டிருந்தார்கள். அந்த அக்டோபரில் அது திவாலானபோது அவர்களைக் கைதூக்கிவிட ஒரு ஏற்பாடும் இல்லை. நடத்தியவர் சிறைக்குப் போனார், போட்ட பணம் முழுதாக வரவில்லை. அந்தக் கோபத்திலிருந்துதான் மறு ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. வைப்புத் தொகைக்குக் காப்பீடு என்ற ஏற்பாடு வர 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி 1960-இல் மூழ்கிய பிறகு.

இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு. எல்லாக் கிளைகளும் சேர்த்து ஒரே கணக்குதான். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும். நீங்கள் சொல்லும் நிதி நிறுவனம் அடங்காது. அது மூழ்கினால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். கொடுத்தவர்களின் வரிசை நீளம், ஏலம் போட மிஞ்சியிருக்கும் சொத்து கொஞ்சம்.

அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். மத்திய அரசே பொறுப்பு. கையிருப்புக்குக் கொஞ்சம் வங்கியில் வைத்துவிட்டு, மிச்சத்தை அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள்.

கேள்வி: என் அப்பா சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலர். ஏஜென்சி மூலம் வேலை, இரவு 8 முதல் காலை 8 வரை. சம்பளம் 14,000. போன மாதம் மோட்டார் போடப் போனவர் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறார். வேலைக்கு வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லை, மருத்துவச் செலவும் உங்களுடையது என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஏதாவது கேட்க முடியுமா?
— கல்லூரி மாணவர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: தம்பி, உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் குடியிருப்பில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவது உன் அப்பா விழித்திருப்பதால். கேமராவும் தானியங்கி கேட்டும் வாங்கக் கூட்டம் போட்டுப் பணம் வசூலிப்பவர்கள், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்று ஒரு தடவையாவது ஏஜென்சியிடம் கேட்டிருக்க வேண்டாமா?

நீ கேட்க முடியும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் ஏஜென்சி, 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஊழியரை இ.எஸ்.ஐ.யில் சேர்த்தாக வேண்டும். சம்பளத்தில் 0.75 சதவீதம் உன் அப்பா கட்ட வேண்டிய பங்கு, 3.25 சதவீதம் முதலாளி கட்ட வேண்டியது. வேலையின்போது விபத்து நேர்ந்தால் இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. குணமாகும்வரை, சராசரிக் கூலியில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். மருத்துவமும் இலவசம், குடும்பத்துக்கும் சேர்த்து. முதலாளி இவரைப் பதிவே செய்யவில்லை என்றாலும் உரிமை போய்விடாது. இ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஏஜென்சிக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

முதலில் அப்பாவின் சம்பளச் சீட்டைப் பார். சீட்டே தருவதில்லை என்றால் வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பக்கங்களை எடுத்துக்கொள். இ.எஸ்.ஐ. பிடித்தம் என்று போட்டிருந்தால் காப்பீட்டு எண்ணைக் கேள். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் அது இன்னும் பெரிய குற்றம். விபத்து நடந்த தேதி, நேரம், இடம், பார்த்தவர் யார் என்பதை எழுதி, விபத்து அறிக்கை அனுப்பும்படி ஏஜென்சிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடு. ஒரு நகலோடு அருகிலுள்ள இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அப்பாவை அழைத்துப் போ. இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் வருங்கால வைப்பு நிதியும் பிடித்திருக்க வேண்டும், அதையும் விசாரி.

“அன்று அவர் டூட்டியிலேயே இல்லை” என்று அவர்கள் சொல்லக்கூடும். அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. வாசலில் வந்து போகும் வண்டி எண், நேரம், எந்த வீட்டுக்கு என்று உன் அப்பா தன் கையாலேயே எழுதி வைக்கும் அந்த நீள நோட்டு. விபத்து நடந்த இரவின் பக்கத்தில் அவர் கையெழுத்து எத்தனை மணி வரை இருக்கிறது, பிறகு யார் கையெழுத்து தொடர்கிறது என்று பார். நோட்டு தீர்ந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுவார்கள். நாளைக்கே குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் கேட்டு அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள். கொடுக்க மறுத்தால், நோட்டைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி அவருக்கும் ஒரு பதிவுத் தபால் அனுப்பு. கிளை அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு மறுபடியும் எழுது.